மேகம் இறங்கினால் இரையும் சார்ஜர்: சிசிஎம்மா, டிசிஎம்மா?

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் சோலார் சார்ஜர் ஓடும்போது ரேடியோ இரைகிறது என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது எந்த பேண்டில் என்பதுதான். கோடை பண்பலை வரும் 100.5 மெகாஹெர்ட்ஸிலா, மீடியம் வேவிலா? சார்ஜருக்குள் இருக்கும் இண்டக்டரில் (கம்பிச் சுருளில்) கரண்ட் எப்படி ஓடுகிறது என்பதை அந்தப் பதிலே பாதி சொல்லிவிடும்.

கரண்ட் பூஜ்யத்தைத் தொடாமலே ஓடினால் சிசிஎம் (கன்டினியூயஸ் கண்டக்‌ஷன் மோட்). ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யமாகிச் சற்று நேரம் அப்படியே கிடந்தால் டிசிஎம் (டிஸ்கன்டினியூயஸ்). பூஜ்யத்தைத் தொட்டதுமே அடுத்த சுற்று தொடங்கினால் பிசிஎம் (பவுண்டரி).

36 வோல்ட் பேனல், 13.5 வோல்ட் பேட்டரி, 10 ஆம்பியர், 100 கிலோஹெர்ட்ஸ் பக் (வோல்டேஜைக் குறைத்துத் தரும்) சார்ஜரை எடுத்துக்கொள்வோம். 33 மைக்ரோஹென்றி இண்டக்டர் போட்டால் ரிப்பிள் (கரண்டின் ஏற்ற இறக்கம்) 2.6 ஆம்பியர், அவுட்புட் கெப்பாசிட்டர் தாங்க வேண்டியது 0.74 ஆம்பியர்தான். பிசிஎம்முக்காக 4.2 மைக்ரோஹென்றியாகக் குறைத்தால் இண்டக்டர் சின்னதாகும், ஆனால் உச்சம் 20 ஆம்பியர், கெப்பாசிட்டரில் 5.8 ஆம்பியர். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் சூடாகும், மிச்ச ரிப்பிள் பேட்டரி வயரில் ஏறி, அந்த வயரே ஆண்டெனா ஆகிவிடும். 10 ஆம்பியர் சார்ஜருக்கு சிசிஎம்தான் சரி.

சிசிஎம்மின் கெட்ட குணம் வேறு. சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது டயோடில் இன்னும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண டயோடோ, டயோடுக்குப் பதிலாக வைக்கும் கீழ் மாஸ்ஃபெட்டின் பாடி டயோடோ (அதற்குள்ளேயே இருப்பது) ஒரு கணம் எதிர்த்திசையில் கடத்திவிட்டு வெடுக்கென்று அறும். ட்ராக்கின் சில நானோஹென்றியும் அங்குள்ள கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து பல பத்து மெகாஹெர்ட்ஸில் அதிரும். பண்பலை கெடுவது இதனால்தான். இப்படி எதிர்த்திசையில் கடத்தாத ஷாட்கி டயோடு போடுங்கள், 60 வோல்ட் அல்ல, 100 வோல்ட். குளிர்ந்த காலையில் பேனலின் திறந்த (எதையும் இணைக்காத) மின்னழுத்தம் லேபிளில் உள்ளதைவிட ஏறும், அதன் மேல் இந்த அதிர்வும் சேரும். இன்புட் செராமிக் கெப்பாசிட்டரை மாஸ்ஃபெட்டையும் டயோடையும் ஒட்டியே வையுங்கள். ஸ்னப்பர் (அதிர்வை அடக்கும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஜோடி) மதிப்பைக் கண்டுபிடிக்க, அதிர்வெண் பாதியாகும் வரை கெப்பாசிட்டர் சேர்த்துப் பாருங்கள்; சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே ஏற்கெனவே ஒளிந்திருப்பது.

டிசிஎம்மில் டயோடு தானாக அடங்குவதால் அந்த வெடுக் இல்லை. ஆனால் கரண்ட் தீர்ந்ததும் இண்டக்டர் சுவிட்ச் நோடின் (மாஸ்ஃபெட், டயோடு, இண்டக்டர் மூன்றும் சேரும் புள்ளியின்) கெப்பாசிட்டன்ஸோடு ஊசலாடும். 33 மைக்ரோஹென்றியும் 1 நானோஃபாரடும் என்றால் சுமார் 880 கிலோஹெர்ட்ஸ், மீடியம் வேவின் நடுமத்தி!

மலையில் இதை ஒதுக்க முடியாது. மேலே சொன்ன சிசிஎம் சார்ஜரே 1.28 ஆம்பியருக்குக் கீழே, அதாவது 17 வாட்டில், டிசிஎம்முக்குப் போய்விடும். மேகம் இறங்கினால் பேனல் தருவது அவ்வளவுதான். வெயிலில் பண்பலை, மேகத்தில் மீடியம் வேவ் என்று இரைச்சல் இடம் மாறுவது இதனால்தான்.

கீழ் மாஸ்ஃபெட்டை விடாமல் ஆன் செய்து சிசிஎம்மிலேயே நிறுத்தினால் ஊசல் போகும். செய்யாதீர்கள். கரண்ட் பேட்டரியிலிருந்து திரும்பி ஓடும், பக் அப்படியே பூஸ்ட்டாகும் (வோல்டேஜை ஏற்றுவதாகிவிடும்), பேனல் பக்க வோல்டேஜ் ஏறி மாஸ்ஃபெட் போய்விடும். சுவிட்ச் நோடில் 180 ஓமும் 3.3 நானோஃபாரடும் தொடராக வைப்பது மேல். 0.43 வாட் வீணாகும். ஒரு வாட் ரெசிஸ்டர் போதும், வயர் சுற்றியது மட்டும் வேண்டாம், அதற்கே இண்டக்டன்ஸ் உண்டு.

பேட்டரி வயர் இரண்டையும் முறுக்கியே கொண்டுபோங்கள். அதில் மாட்டும் ஃபெரைட் மணி பண்பலை இரைச்சலைக் குறைக்கும். 880 கிலோஹெர்ட்ஸை அது ஒன்றும் செய்யாது.