செம்மறி வளர்ப்புப் பயிற்சிக்குப் போகலாமா?

சேலம் பக்கம் ஒரு மையத்தில் நடந்த செம்மறி வளர்ப்புப் பயிற்சிக்கு நானும் சித்தப்பாவும் போய்வந்தோம். கட்டணம் கிடையாது. மதியச் சாப்பாடு உண்டு, சாம்பார் சுமார்தான். சொல்லித்தருவது உருப்படியான விஷயம். சொல்லித்தரும் நேரம்தான் மேய்க்கிறவனுக்கு ஒத்துவராது.

பட்டியில் நடந்த வகுப்புதான் பிரமாதம். டாக்டரம்மா ஒரு பெட்டையைக் காலிடுக்கில் நிறுத்தி, கீழிமையை விரலால் இறக்கிக் காட்டினார். உள்பக்கம் நல்ல சிவப்பென்றால் விட்டுவிடலாம். வெளிறியிருந்தால் ரத்தம் உறிஞ்சும் குடற்புழுவைச் சந்தேகப்பட வேண்டும். ஊரில் மந்தை முழுக்க ஒரே நாளில் மருந்து ஊற்றுவதுதான் வழக்கம். அப்படியே ஊற்றிக்கொண்டிருந்தால் புழுவுக்கு மருந்து பழகிவிடும், எடை பார்த்துத் தேவைப்பட்டதுக்கு மட்டும் கொடுங்கள் என்றார். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். வாயோரமாக மெல்ல விட வேண்டும்.

எங்கள் பக்கத்து இனமான மேச்சேரி ஆட்டில் கிடாவுக்கும் கொம்பு இருக்காது, கொம்போடு சந்தைக்கு வந்தால் கலப்பு என்று யோசியுங்கள் என்றார். குடலில் நச்சு ஏறித் திடீரெனச் சாகடிக்கும் துள்ளுமாரிக்கு மழைக்கு முன்பே தடுப்பூசி, வைரஸால் பரவும் ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. பல் பார்த்து வயசு சொல்லும் பாடத்தில் மட்டும் சித்தப்பாதான் வாத்தியார். வாயைத் திறந்து காட்டியதுமே "ரெண்டு பல்லு" என்றுவிட்டார், அதாவது ஒரு வயசு தாண்டியது.

சரி, குறைக்கு வருவோம். வகுப்பு 10 மணி முதல் 5 மணி வரை. ஆடு மேயும் நேரமும் அதுதானே? கூலிக்கு மேய்ப்பவர் வந்தால் அன்றைய கூலி போச்சு, தினப்படியும் இல்லை. அதனாலோ என்னவோ, வந்தவர்களில் பாதிப் பேர் பண்ணை வைக்கலாமா என்று யோசிக்கும் டவுன்காரர்கள். கடைசி நாள் முழுக்கக் கடன், மானியம். மத்திய அரசின் தேசியக் கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மானியமாம், ஆனால் ஆகச் சின்ன அலகே 100 பெட்டை, 5 கிடா. இருபது ஆட்டுக்காரர் கொட்டாவி விடாமல் என்ன செய்வார்? ஈனும்போது குட்டி மாட்டிக்கொண்டால் எப்படித் திருப்பி எடுப்பது என்பதை அந்த நேரத்தில் செய்து காட்டியிருக்கலாம். படம் போட்டதோடு சரி.

இனிமேல்தான் ஆடு வாங்கப்போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். ஏற்கெனவே மேய்ப்பவர்கள், பட்டி வகுப்பு எந்த நாள் என்று போனில் கேட்டு, அன்றைக்கு மட்டுமாவது மாற்றாள் வைத்துவிட்டுப் போகலாம். ஆதார் நகலும் போட்டோவும் கேட்பார்கள்.