இரண்டு விரலா, நாலு விரலா? மலைப்பாதையில் முன் பிரேக்கோடு பழகிய அனுபவம்

இலங்கை மலையகத்தில் பைக் பழகும் எல்லாருக்கும் முதல் நாளே ஓர் எச்சரிக்கை கிடைத்துவிடும். “முன் பிரேக்க தொட்டுறாத தம்பி, தூக்கி எறிஞ்சிரும்.” எனக்கு அதைச் சொன்னது மாமா. அவர் ஓட்டும்போது வலது கையின் நாலு விரலும் ஆக்சிலேட்டரைச் சுற்றியே கிடக்கும். வண்டியை நிறுத்துவதெல்லாம் வலது காலின் பொறுப்பு. பொகவந்தலாவைப் பக்கம் இன்றைக்கும் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

எனக்கு ஃபிரிட்ஜ், டிவி திருத்தும் வேலை. ஹட்டனில் இருந்துகொண்டு நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை என்று தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும். நுவரெலியாவில் வேலை முடிந்தால் சில நாள் றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கி சாமான் எடுத்து வருவேன். வண்டி 150 சிசி, முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. பின்சீட்டில் எப்போதும் கருவிப் பை. மைலேஜ் பற்றியும் பிக்கப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வலது கைப்பிடிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு சாண் அலுமினியத் துண்டை, முன் பிரேக் லீவரைப் பற்றி யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை.

மாமாவின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர் பழகியது முன்னாலும் பின்னாலும் டிரம் உள்ள பழைய வண்டியில், கப்பிக்கல் பரப்பிய தோட்டப் பாதையில். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) திரும்பும் முடக்கில் ஹேண்டிலை முழுதாக ஒடித்து, நடக்கும் வேகத்தில் உருட்டிப் போகும்போது முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் வண்டி அதே இடத்தில் சரிந்துவிடும். பெரும்பாலும் அதைத்தான் எல்லாரும் “தூக்கி எறிஞ்சிருச்சு” என்கிறார்கள். எறிவதில்லை, படுத்துவிடுகிறது. அந்த இடத்துக்கு மாமா சொன்னது சரி. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, சில்லுக் கல் கிடக்கும்போது, மெதுவாக உருளும்போது நானும் பின் பிரேக்கை மட்டும்தான் தொடுவேன். ஆனால் அதே பாடத்தைக் கினிகத்தேனை மாதிரி நீளமான தார் ரோட்டு இறக்கத்துக்கும் கொண்டுபோவதுதான் ஆபத்து.

ஏனென்று கணக்காகவே பார்க்கலாம். சாதாரண 150 சிசி வண்டியில் இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் 1.3 மீற்றர் சொச்சம். ஓட்டுபவரையும் சேர்த்தால் பாரத்தின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். ஓரளவு அழுத்தமாகப் பிரேக் பிடித்தாலே மொத்தப் பாரத்தில் கால்வாசி பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறிவிடும். சும்மா நிற்கும்போது முன்னால் நூற்றுக்கு 45 இருந்தால், பிரேக் பிடிக்கும்போது 70. பள்ளம் இறங்கினால் இன்னும் ஐந்தாறு கூடும். பாரம் எங்கேயோ பிடிமானமும் அங்கேதான். மிச்சம் இருக்கும் 25, 30 பங்கை நம்பி வலது காலை மட்டும் அழுத்தினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஆட்டும். இறக்கத்தில் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போன தடத்தை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ரோட்டில் பார்க்கலாம்.

சரி, முன் பிரேக் வேண்டும். எத்தனை விரலால் பிடிப்பது? எங்கள் கராஜ் பாஸ் நாலு விரல் கட்சி. “கை முழுசா இருக்கும்போது எதுக்குப் பாதிக் கை?” என்பார். அமெரிக்காவில் புதிதாகப் பழகுபவர்களுக்கும் நாலு விரலைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதால் அவருடைய கட்சிக்கு வெளிநாட்டுப் பலமும் உண்டு. கூரியர் பொதி கொண்டுவரும் பையன்கள் எல்லாம் இரண்டு விரல். சுட்டு விரலும் நடு விரலும் லீவரில், மற்ற இரண்டும் ஆக்சிலேட்டரில். நடு விரலையும் மோதிர விரலையும் வைப்பவர்களும் இருக்கிறார்கள். சுட்டு விரலால் கைப்பிடியை அணைத்துக்கொண்டால் உறுதியாக இருக்கிறதாம். எனக்கு அது ஒத்துவரவில்லை.

இரண்டையும் நீண்ட காலம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: விரல் எத்தனை என்பதைவிட விரல் எப்போது லீவருக்கு வருகிறது என்பதே பெரிது. 40 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீற்றர் போகும். கைப்பிடியிலிருந்து விரலைப் பிரித்து, நீட்டி, லீவரைத் தேடிப் பிடிக்க அரை வினாடி போனால் ஐந்தரை மீற்றர் போயிற்று. நம் ரோட்டில் ஐந்தரை மீற்றர் என்பது இந்தப் பக்க மதிலுக்கும் அந்தப் பக்கக் கானுக்கும் உள்ள தூரம். நாலு விரலால் பிடிப்பவர் முன்கூட்டியே நாலையும் லீவரில் போட்டுவைக்க முடியாது, ஆக்சிலேட்டரைத் திருகக் கை வேண்டும். இரண்டு விரல்காரர் போட்டுவைக்கலாம். இரண்டு விரலின் ஆதாயம் அவ்வளவுதான். சின்ன ஆதாயமும் இல்லை.

அதனால் வளைவு நெருங்கும்போதே இரண்டு விரலையும் லீவரில் வைத்து, பிரேக் கடிப்பதற்கு முன்னால் அதில் இருக்கும் ஆட்டத்தை மட்டும் எடுத்துவிடுவேன். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் அதை லேசாக உரசும், வேகம் குறையாது. எதிரே ஒன்றும் வரவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். சிவப்பு பஸ் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு திரும்பினால், அங்கிருந்து பிழிய ஆரம்பித்தால் போதும். பிழிவது என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் மெதுவாக, முன் ஃபோர்க் அமுங்கி டயர் தரையில் பதிந்த பிறகு அழுத்தமாக. ஃபோர்க் அமுங்குவதற்கு முன்னால் வெடுக்கென்று இழுத்தால் டயருக்குப் பாரம் வந்து சேரும் முன்பே சக்கரம் பூட்டிவிடும். கிடைத்த அரை வினாடியை இந்த ஆரம்பத்துக்குத்தான் செலவழிக்கிறேன்.

பின்சீட்டில் ஆள் இருந்து, மழையும் பெய்து, நீளமான இறக்கமும் என்றால் நான் பாஸின் கட்சிக்கு மாறிவிடுவேன். இரண்டு விரல் வலிக்கத் தொடங்கினால் பிடி சமமாக இருக்காது. இன்னொரு சோதனையும் உண்டு. வண்டியை நிறுத்திவைத்து இரண்டு விரலால் லீவரை முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். கைப்பிடியில் இருக்கும் மற்ற இரண்டு விரலையும் லீவர் வந்து நசுக்கினால் அந்த வண்டியில் இரண்டு விரல் பிரேக் கூடாது. முதலில் பேட்டையும் பிரேக் ஒயிலையும் பாருங்கள்.

லீவர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கடையிலிருந்து வரும்போது பல வண்டிகளில் லீவர் மேலே தூக்கி நிற்கும். வழக்கமாக உட்காருவது போல உட்கார்ந்து, முன்னங்கை போகும் அதே கோட்டில் விரலை நீட்டினால் லீவர் அங்கே இருக்க வேண்டும். மணிக்கட்டை மடக்கிப் பிடிக்கும் நிலை இருந்தால் கிளாம்ப்பின் இரண்டு போல்ட்டையும் தளர்த்திக் கீழே திருப்பிக்கொள்ளலாம். பைசா செலவில்லை. போல்ட்டை மறுபடி முறுக்கும்போது அளவோடு முறுக்குவது நல்லது. வண்டி விழுந்தால் லீவர் உடையாமல் கிளாம்ப்போடு சுழன்று கொடுக்கும். முனையில் இருக்கும் உருண்டையும் அழகுக்கு வைத்ததில்லை, விழும்போது கையைக் குத்தாமல் இருக்கத்தான். அதை அறுத்து எடுத்துவிட்டு ஸ்டைல் என்று திரியும் தம்பிமாரைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

என் கை சின்னது. லீவரைக் கிட்டக் கொண்டுவரலாம் என்று, தூரத்தை ஆறு நிலைகளில் மாற்றக்கூடிய லீவர் ஒன்றை வாங்கிப் போட்டேன். பளபளப்பாக இருந்தது, முதல் சில வாரம் சொர்க்கம். பிறகு ஒருநாள் றம்பொடை இறக்கத்தில் லீவரைத் தொடாமலேயே வண்டி தன்பாட்டில் இறுகத் தொடங்கியது. நிறுத்தித் தள்ளிப் பார்த்தால் முன்சக்கரம் அசையவில்லை. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் சரி, மறுபடி இறங்கினால் மறுபடி இறுக்கம். பாஸ் கழற்றிக் காட்டினார். லீவரை விட்டால், பிரேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வர வேண்டும். வந்தால்தான் ஒயில் தொட்டிக்குப் போகும் சின்னத் துளை திறக்கும், சூட்டில் பெருகிய ஒயில் அதன் வழியாகத் திரும்பிப் போகும். இந்த லீவரின் மூக்கு அரை மில்லிமீற்றர் நீளம் போலிருக்கிறது, பிஸ்டனை எப்போதும் லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. துளை அடைபட்டு, சூடான ஒயில் போக இடமில்லாமல் பேட்டையே அழுத்திவிட்டது. கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய லீவரையே மாட்டிக்கொண்டேன். எந்த லீவர் போட்டாலும் சரி, கடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். ஆட்டமே இல்லாத லீவர் ‘டைட்டா, சூப்பரா’ இருப்பதாகத்தான் தோன்றும்.

சூடு என்றதும் எல்லாருக்கும் பெரிய லொறிதான் நினைவுக்கு வரும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை என்று கம்பளைக்கு வரும்போது ஏறத்தாழ 1400 மீற்றர் இறங்கிவிடுகிறோம். வண்டியும் இரண்டு பேருமாக 280 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளியாகும் சக்தியால் பத்து லீற்றருக்கும் மேலே பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். ஒரு பெரிய பானை. அவ்வளவு சூட்டையும் காற்றும் என்ஜினும் பிரேக்கும்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். என்ஜின் தன் பங்கை எடுக்காவிட்டால் எல்லாம் பிரேக்கின் தலையில்.

2022ல் இதைக் கண்ணால் பார்த்தோம். பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்த புதிதில் பைக்குக்கு வாரம் நாலு லீற்றர் பெற்றோல். ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கு நியூட்ரலில், சிலர் சாவியையே அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கினார்கள். மிச்சமாகும் பெற்றோல் எவ்வளவோ தெரியாது, கராஜில் கருகிய பேட்டும் டிரம் ஷூவும் குவிந்தன. பெற்றோல் வரிசை எப்போதோ போய்விட்டது, பழக்கம் மட்டும் பலரிடம் ஒட்டிக்கொண்டது. ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பதை மாமாவும் சொல்வார், லொறி டிரைவரும் சொல்வார். ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ், வேன், ஆட்டோ மோதி ஏழு பேர் போன பிறகு பெரிய வாகனக்காரர்களிடம் இந்தப் பேச்சு கொஞ்சம் கூடியது. பைக் ஓட்டுபவர்கள் அதைத் தமக்கான பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை.

முன் பிரேக்கையும் இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வரக்கூடாது. டிஸ்க் ஆற நேரம் கிடைக்காது. வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். டாட் 4 பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் ஏறினால் அந்த 230, 155 வரைக்கும் இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி, லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வட்டவளை, கினிகத்தேனை மாதிரி மழையில் ஊறும் ஊர்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொல்வது கம்பனிக்காரன் காசு பிடுங்கச் சொல்வதில்லை. நான் மே மாதத்துக்கு முன்னால் மாற்றிவிடுவேன், தென்மேல் பருவமழை தொடங்குவதற்குள்.

மழையில் இன்னொன்று: நனைந்த டிஸ்க் முதல் பிடியில் கடிக்காது. ஒரு சக்கரச் சுற்றோ இரண்டோ வெறும் வழுக்கல், பிறகு திடீரென்று முழுப் பிடி. அந்த வழுக்கலில் பதறி அழுத்தியவர்தான் பிடி வந்ததும் விழுவார். வெறும் ரோட்டிலேயே அவ்வப்போது லேசாகத் தொட்டு டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டு வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஜனவரி விடியலில் நுவரெலியாப் பக்கம் போனால் விரலே மரத்துப்போகும், எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. தடித்த கம்பளிக் கையுறையும் உதவாது, லீவரின் உணர்வு போய்விடும். மெல்லிய கையுறையும் அதன் மேல் ஒரு பொலித்தீன் பையும்தான் எனக்குச் சரிப்பட்டது. பார்க்கக் கோமாளித்தனம், இருக்கட்டும்.

ஏபிஎஸ் வந்தால் இதெல்லாம் தேவையா என்று தம்பி கேட்கிறான். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் அது கட்டாயமானது. நமக்கோ 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்று, 2025ல்தான் கதவு திறந்தது. தோட்டப் பாதையில் ஓடுபவை இன்னும் பெரும்பாலும் பழைய வண்டிகள். கூட்டாளியின் புது வண்டியை நனைந்த ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். நேராகப் போகும்போது லீவர் கையில் துடிதுடிக்கிறது, சக்கரம் பூட்டவில்லை, நல்ல சாமான். காசிருந்தால் அதையே வாங்குங்கள். ஆனால் தாமதமாக வந்த விரலுக்காக அது ஐந்தரை மீற்றரைத் திருப்பித் தராது, வண்டியைச் சாய்த்து வளைவுக்குள் போனபின் முரட்டுத்தனமாகப் பிடித்தாலும் முழுதாகக் காப்பாற்றாது.

கழற்றிய ஆறு நிலை லீவரை எறிந்துவிட்டு, கம்பனி லீவர் ஒன்றைக் கூடுதலாக வாங்கி, சின்ன ஸ்பேனரோடு சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் நோர்வூட்டில் லீவர் உடைந்தால் ஒரு கடையும் திறந்திருக்காது. லீவர் சுழலும் போல்ட்டுக்கு ஒவ்வொரு சர்வீசிலும் துளி கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் வைப்பதில்லை.