சிலிக்கானா, சொந்தத் திசுவா: மார்பக மறுசீரமைப்பில் நான் எடுத்த முடிவு

புற்றுநோயால் என் இடது மார்பகம் அகற்றப்பட்டு, கதிர்வீச்சும் முடிந்து ஓராண்டு கழிந்தபின், பிளாஸ்டிக் சர்ஜன் இரண்டு வழிகளைச் சொன்னார்: சிலிக்கான் இம்பிளான்ட் (ஜெல் நிரப்பிய உறையை மார்பினுள் வைப்பது), அல்லது அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பில் பொருத்தும் டீப் ஃபிளாப். நான் தேர்ந்தது இரண்டாவதை; இந்த ஒப்பீடும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

இம்பிளான்டில் அறுவை நேரம் குறைவு, உடலில் வேறெங்கும் தழும்பு விழாது, சீக்கிரம் வீடு திரும்பலாம். இவை யாவரும் அறிந்தவை. என்னைத் தயங்க வைத்தது அதற்குப் பிந்தைய பராமரிப்பு. உப்புநீர் நிரப்பிய இம்பிளான்ட் கசிந்தால் மார்பு சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சிலிக்கான் உறை கிழிந்தாலோ ஜெல் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுவதால் வெளியே எதுவும் தெரியாமலே போகலாம். அதனால்தான் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., அறிகுறி இல்லாதவர்களும் 5-6 ஆண்டுகளில் முதல் முறையும், பிறகு 2-3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. இம்பிளான்ட் ஆயுளுக்கும் நிலைக்கும் பொருளும் அன்று. நாற்பத்து மூன்று வயதில் அதை வைத்துக்கொண்டால் இன்னும் எத்தனை ஸ்கேன், எத்தனை மாற்று அறுவை என்ற கணக்கே என்னை அயர வைத்தது. மேலும், இம்பிளான்டைச் சுற்றி உடல் உருவாக்கும் தழும்பு உறை, கதிர்வீச்சு பட்ட மார்பில் இறுகி வலிக்கும் வாய்ப்பு கூடுதல். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்பிளான்ட்கள் அரிதான ஒரு லிம்போமாவுடன் (நிணநீர்ப் புற்றுநோயுடன்) தொடர்புபடுத்தப்பட்டு, 2019இல் ஒரு வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதையும் படித்திருந்தேன்.

டீப் ஃபிளாப்பில் சுமை முழுவதும் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. பழைய டிராம் முறையைப் போல வயிற்றுத் தசையை எடுக்காமல், அதனூடே வரும் நுண்ணிய இரத்தக் குழாய்களை மட்டும் பிரித்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் மார்புக் குழாய்களுடன் இணைக்கிறார்கள். எனக்கு எட்டு மணி நேரம் ஆயிற்று. முதல் இரவு முழுவதும் மணிக்கொருமுறை செவிலியர் டாப்ளர் கருவி வைத்து இரத்த ஓட்டத்தைக் கேட்டார். இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தழும்பு உண்டு, மூன்று வாரம் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. தொடு உணர்வும் இன்னும் திரும்பவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளாக அந்த மார்புக்கென்று தனியாக எந்தப் பராமரிப்பும் தேவைப்படவில்லை. என் எடை கூடினால் அதுவும் கூடுகிறது.

மூன்று ஆண்டு நீண்ட காலம் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதிர்வீச்சு பெறாதவர்களுக்கும், வயிற்றில் போதிய கொழுப்பு இல்லாத மெலிந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறலாம்; அங்கே என் அனுபவம் உதவாது. ஃபிளாப்பை நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்: இணைத்த குழாயில் நள்ளிரவில் இரத்தம் உறைந்தால், உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுசென்று சரிசெய்யும் மைக்ரோசர்ஜரி குழு அந்த மருத்துவமனையில் இருக்குமா?