எஃப்ரேம், எம்ரேம், ரீரேம்: ஓயாமல் எழுதும் போர்டுக்கு எது?

கரன்ட் போனாலும் மறக்காத மெமரி, அதுவும் பழைய ஈஈப்ராமைவிட நல்லதாக வேண்டும் என்று தேடினால் இந்த மூன்று பெயர்களும் வந்து நிற்கும். அளவீடுகளை ஓயாமல் பதியும் டேட்டா லாகர் போர்டு ஒன்றுக்காக மூன்றையும் அலசிவிட்டு எம்ரேமை எடுத்தேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றுமே எஸ்பிஐ (சில கம்பிகளிலேயே பேசும் இணைப்பு முறை) சிப்பாகக் கிடைக்கின்றன, வயரிங்கில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் ஒரே இடத்தில் எத்தனை முறை எழுதலாம் என்பதில்தான் இருக்கிறது. புஜித்சூ வெளியிட்ட 8 மெகாபிட் ரீரேம் 10 லட்சம் முறை தாங்கும். நல்ல ஈஈப்ராமும் அவ்வளவுதான். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் ஒரே இடத்தில் நொடிக்கொரு முறை கவுண்டரை எழுதினால் நாளைக்கு 86,400. பன்னிரண்டாம் நாளே கணக்கு தீர்ந்துவிடும். தப்பிக்க, இடத்தை மாற்றி மாற்றி எழுத வேண்டும். கடைசியாக எழுதிய இடம் எது, எழுதும்போதே கரன்ட் போனால் எந்தப் பிரதியை நம்புவது, பிழை கண்டுபிடிக்கும் செக்சம் எங்கே வைப்பது என்று, போர்டில் ஓடும் ப்ரோகிராமான ஃபர்ம்வேர் வளர்ந்துகொண்டே போகும். அந்த ப்ரோகிராமை எழுதுவதுகூடச் சுலபம். ஒவ்வொரு வெர்ஷனிலும் அதைக் கட்டி மேய்ப்பதுதான் பெரும்பாடு.

எஃப்ரேமில் இந்தத் தொல்லை இல்லை. 100 லட்சம் கோடி முறை என்கிறது டேட்டாஷீட். நொடிக்கு ஆயிரம் முறை எழுதினாலும் 3,000 வருடம் ஓடும். படிக்கும்போதே செல்லில் இருப்பது அழிந்து திரும்ப எழுதப்படுவதால், படிப்பதும் இந்தக் கணக்கில் சேரும், சேர்ந்தாலும் கவலையில்லை. சிக்கல் கொள்ளளவில். பிட்டை வைத்திருக்கும் ஃபெரோஎலக்ட்ரிக் கப்பாசிட்டரைச் சிறிதாக்கினால் அதில் தேங்கும் சார்ஜும் குறைந்து, படிப்பது கடினமாகிவிடும். அதனால் கடையில் கிடைப்பவை இன்னும் மெகாபிட் கணக்கிலேயே நிற்கின்றன.

எம்ரேம் பிட்டைக் காந்தத் திசையாக வைக்கிறது. ஃப்ரீஸ்கேல் நிறுவனம் 2006-இல் விற்ற 4 மெகாபிட் சிப்பில் வயரில் ஓடும் கரன்ட்டின் காந்தப்புலம்தான் திசையைத் திருப்பும்; செல்லைச் சுருக்கினாலும் அந்தக் கரன்ட் குறையாது. பிறகு வந்த எஸ்டிடி வகையில் கரன்ட் செல்லுக்குள்ளேயே பாய்கிறது, சுருக்க வழி பிறந்தது. ஃப்ரீஸ்கேலிலிருந்து பிரிந்த எவர்ஸ்பின் 2019-இல் 1 ஜிகாபிட்டை எட்டியது. ஐபிஎம் தன் ஃபிளாஷ்கோர் மாட்யூல் என்ற சேமிப்பு டிரைவில், எழுத வரும் டேட்டாவைத் தற்காலிகமாகத் தாங்கும் ரைட் பஃபராக எஸ்டிடி எம்ரேமை வைத்தது.

என் போர்டில் இருப்பது, காந்தப்புலத்தால் திருப்பும் பழைய டாகிள் வகைதான். ஈஈப்ராமில் ஒரு பேஜ் எழுதி முடிய 5 மில்லிநொடி வரை ஆகும். நடுவில் கரன்ட் போனால் அதுவரை சப்ளையைத் தாங்கப் பெரிய கப்பாசிட்டர் வேண்டும். எம்ரேமில் கடைசி பைட் போய்ச் சேர்ந்ததும் எழுதியாயிற்று. கப்பாசிட்டரைக் கழற்றிவிட்டேன். எத்தனை முறை எழுதினாலும் இது தேயாது என்பதால், இடம் மாற்றி எழுதும் ப்ரோகிராமையும் தூக்கிவிட்டேன்.

விலை அதிகம், மறுக்கவில்லை. வெளிக் காந்தப்புலத்துக்கும் வரம்பு உண்டு, ரிலே, இண்டக்டர் பக்கத்தில் வைக்கக் கூடாது. பெரிய மோட்டார் பேனலுக்குள் நான் ஓட்டிப் பார்த்ததில்லை; அங்கே வைப்பவர்கள் சோதித்துவிட்டு வைக்கட்டும். ரீரேமை டேட்டாஷீட் அளவில்தான் பழகியிருக்கிறேன். அதற்குரிய இடம் வேறு: 28 நானோமீட்டர் மைக்ரோகன்ட்ரோலருக்குள், எப்போதாவது மட்டும் மாறும் ப்ரோகிராமை வைக்க. சிப் நிறுவனங்களான இன்ஃபினியானும் டிஎஸ்எம்சியும் 2022-இல், கார்களுக்கான ஆரிக்ஸ் சிப்புக்கு அதைத்தான் அறிவித்தன.