வடசேரியிலிருந்து கோட்டாறு வரை ஒரு நாள்

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்கு அழைத்துப்போய்ப் படகு வரிசையில் நிறுத்துவதுதான் எங்களைப் போன்ற வளைகுடாக் குடும்பங்களின் வழக்கம். 133 அடி வள்ளுவரும் 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலமும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் என் மகளுக்கு நாகர்கோவில் என்பது திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவே தூக்கத்தில் கடந்துபோகும் ஊராகவே இருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த முறை ஒரு நாளை எங்கள் ஊருக்கென்றே ஒதுக்கினேன்.

காலையில் வடசேரி கனகமூலம் சந்தை. மட்டிப்பழம் கேட்டோம். விற்ற அக்கா உடனே எடுத்துத் தரவில்லை. "இன்றைக்குத் தின்னவா மக்களே, நாளைக்கா?" என்று கேட்டார். இன்றைக்கு என்றதும் முன்னால் இருந்த சீப்பைத் தள்ளிவிட்டு, பின்னால் சாக்கு மூடிய குலையிலிருந்து ஒரு சீப்பை அரிந்தார். தோல் மெல்லியது; உரித்ததும் தேன் மணம். எங்கள் ஊரில் குழந்தைகளுக்குப் பிசைந்து ஊட்டும் பழம் இது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகள் நின்ற இடத்திலேயே நான்கு தின்றாள். எந்தப் பழம் எந்த நாளுக்கு என்று பார்த்துக் கொடுக்கும் அந்தக் கவனத்தை நான் இருக்கும் ஊரின் பெரிய கடைகளில் கண்டதில்லை.

அங்கிருந்து நாகராஜா கோவில். கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரைதான். பிரசாதமாகத் தருவது மண். மண்டபத் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. சிறுவயதில் நூறு முறை அவற்றைத் தாண்டி ஓடியிருக்கிறேன். நின்று பார்த்தது இப்போதுதான்.

மதியச் சாப்பாட்டுக்கு மணிமேடைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடை. சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த மீன்குழம்பு, அவியல், தனித் தட்டில் மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கு. பரிமாறியவர் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே கொஞ்சம் மோர் ஊற்றினார். இரண்டு மணிக்கு மேல் போனால் மீன் தீர்ந்துவிடும், ஒன்றரைக்குள் போய்விடுங்கள்.

பிறகு டவுன் பஸ்ஸில் கோட்டாறு. சாதாரணக் கட்டண பஸ்ஸில் மகளிருக்கு டிக்கெட் கட்டணம் இல்லை என்பதை என் மனைவி நம்பவே இல்லை. சவேரியார் பேராலயத்தில் தேவசகாயம் பிள்ளையின் கல்லறைக்கு முன் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். 2022-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட செய்தியை வெளிநாட்டில் தொலைக்காட்சியில் பார்த்து அம்மாவுக்குப் போன் செய்தது நினைவுக்கு வந்தது.

மாலையில் ரசவடை. இதற்காகவே ஊருக்கு வரலாம் என்பேன். சூடான பருப்பு வடையை ரசத்தில் போட்டுச் சற்று ஊறவிடுகிறார்கள். ஓரம் இளகி, நடுப்பருப்பு இன்னும் கரகரப்பாக இருக்கும்போது தின்ன வேண்டும். அதற்கும் ஒரு நிமிடம் பிந்தினால் கரைந்துவிடும். கூடவே ஒரு சாயா. பார்சல் மட்டும் வாங்காதீர்கள். வீடு சேர்வதற்குள் வேறு பண்டமாகிவிடும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். விமான நிலையத்திலிருந்து வர ஏற்பாடு செய்த வாடகைக் கார் வீட்டு வாசலுக்கு வந்ததும், இரவு நேரம், பெட்டிகள் என்று காரணம் சொல்லி, முன்பு பேசிய தொகைக்கு மேல் கேட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் கொடுத்துவிட்டேன். போனில் பேசுவதோடு விடாமல், மொத்தத் தொகையைச் செய்தியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

கிளம்பும் நாள் காலையில் மகளே சந்தைக்குப் போகலாம் என்றாள். அந்த அக்கா கேட்பதற்கு முன்பே, "நாளை மறுநாளைக்கு" என்று சொன்னாள். அவர் பச்சை மாறாத ஒரு சீப்பைத் தேடி எடுத்து, செய்தித்தாளில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்.