பாரம் நிரப்பித் தர்றேன்னு வர்றவங்ககிட்ட சிங்பாஸைக் கொடுத்துடாதீங்க

மனச்சோர்வுக்கு மாதாமாதம் அரசாங்கப் பணம் வாங்கித் தருகிறேன் என்று சொன்ன ஓர் ஆளிடம் போன மார்ச்சில் 480 வெள்ளி கொடுத்தேன். சிங்கப்பூரில் அரசாங்கச் சேவைகளுக்கெல்லாம் இணையத்தில் நுழையப் பயன்படும் அடையாளமான சிங்பாஸையும் கொடுத்தேன். என்னைப் போல இன்னொரு அம்மா அந்த ஆள் முன்னால் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கணவர் பிரிந்துபோய் இரண்டு வருஷம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. பலதுறை மருந்தகத்தில் கடிதம் கொடுத்து புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்துக்கு அனுப்பினார்கள். மாத்திரை ஆரம்பித்த புதிதில் கை நடுங்கும், காலையில் எழுந்திருக்கவே முடியாது. பேக்கிங் வேலை போய்விட்டது. அந்த நேரத்தில்தான் தெரிந்த ஓர் அக்கா மூலமாக அவர் வந்தார். பேச்சுக்குப் பேச்சு "தங்கச்சி, தங்கச்சி" என்பார். புளோக் கீழே திறந்தவெளித் தளமான வாய்ட் டெக்கில் கல் மேசையில் ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு, "கேர்ஷீல்டு லைஃப்ல உங்களுக்கு மாசம் 600 வெள்ளிக்கு மேல, ஆயுசுக்கும் வரும்" என்றார்.

நான் நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. 1980இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் 30 வயதானால் தானாகவே கேர்ஷீல்டு லைஃப் என்ற அந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டத்தில் சேர்ந்துவிடுகிறோம். சந்தா நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து போகும். 2020இல் ஆரம்பித்தபோது தொகை மாதம் 600 வெள்ளி, அதுவும் உண்மை. அவர் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: அந்தத் திட்டம் நோயின் பெயரைப் பார்ப்பதில்லை. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, இந்த ஆறில் மூன்றையாவது இன்னொருவர் உதவி இல்லாமல் செய்யவே முடியாது என்றால்தான் பணம். மதிப்பீட்டாளர் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

அவருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார். "குளிக்க முடியல, சட்டை போட முடியல, யாராவது ஊட்டணும், இப்படிச் சொல்லுங்க." எனக்கு வயிற்றைக் கலக்கியது. "பொய் சொல்லணுமாண்ணே?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "நீங்களா சமூக சேவை அலுவலகம், ஆஸ்பத்திரின்னு போய் மனசு சரியில்லைன்னு சொன்னா, பிள்ளைங்கள தூக்கிட்டுப் போயிடுவாங்க தங்கச்சி. நான் சொல்ற வழியில போனா யாரும் கேக்க மாட்டாங்க."

அதற்கப்புறம் நான் ஒன்றுமே கேட்கவில்லை. மகனின் மாணவர் பராமரிப்பு நிலையத்துக்குக் கட்ட எடுத்து வைத்த பணம் அது, கவரோடு கொடுத்தேன். விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று என் போனை வாங்கி, சிங்பாஸில் வந்ததற்கெல்லாம் என்னையே கைவிரலை வைக்கச் சொன்னார். நானும் வைத்தேன்.

மதிப்பீட்டு நாளில் மகளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கு அனுப்பாமல் கூடவே கூட்டிப் போனேன். டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார், "தினமும் டிரெஸ் பண்ண யாராவது உதவி செய்யிறாங்களா?" நான் தாளில் இருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். மகள் தன் ரெட்டைச் சடையைப் பிடித்துக் காட்டி, "அம்மாதான் எனக்குப் பின்னிவிட்டாங்க" என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டிஷ்யூவை என் பக்கம் தள்ளினார். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. மனுவை அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து அவர் போன் எடுக்கவில்லை. அடுத்த மாதம் நான் வாங்காத இரண்டு கைத்தொலைபேசி இணைப்புகளுக்கு என் பெயரில் பில் வந்தது.

மனநலக் கழகத்தில் அடுத்த அப்பாயின்மென்ட்டில் மருத்துவ சமூகப் பணியாளரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பிள்ளைகள் விஷயத்தை எடுத்ததும் அவர், "மாத்திரை எடுத்துக்கிட்டு, உதவி கேட்டு வர்ற அம்மாகிட்டருந்து எதுக்கும்மா பிள்ளைங்களப் பிரிக்கணும்?" என்றார். அந்த ஒரு பதில் மார்ச்சில் கிடைத்திருந்தால்!

அவர் கேட்ட கேள்விகளே வேறு. காலையில் எழுந்து பிள்ளைகளைக் கிளப்ப எவ்வளவு நேரம் ஆகிறது, வாரத்தில் எத்தனை நாள் சமைக்க முடியவில்லை, முடியாத நாளில் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள். உண்மையைச் சொன்னேன். பத்து நாளில் நாலு நாள் பிரெட்தான். மகன்தான் தங்கைக்குப் பால் கலக்குவான். இதைச் சொல்ல எனக்கு எந்தத் தாளும் தேவைப்படவில்லை.

டாக்டர் கடிதத்தோடு சமூக சேவை அலுவலகத்துக்குப் போய், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசாங்க உதவியான காம்கேருக்கு மனு கொடுத்தேன். அங்கே பார்ப்பது வீட்டு வருமானமும், இப்போது வேலை செய்ய முடியாத நிலையும்தான். மனுவுக்கு ஒரு காசு வாங்குவதில்லை. சில வாரம் ஆனது, வங்கிக் கணக்கு, பில் எல்லாம் கேட்டார்கள். இப்போது சில மாதத்துக்கு உதவி வருகிறது. கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்தில் பிள்ளைகளின் பாடப்புத்தகம், சீருடைக்கு வழி கிடைத்தது. மாணவர் பராமரிப்புக்கும் தனி உதவி இருக்கிறது. மனச்சோர்வு சிகிச்சைக்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம் என்பதுகூட எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த ஆள் என் மத்திய சேம நிதியையே (மசேநிதி) மொத்தமாக எடுத்துத் தருகிறேன் என்றும் சொல்லியிருந்தார். அதற்கு இனி எந்த வேலைக்குமே போக முடியாது என்று டாக்டர் சான்று தர வேண்டும். நானோ திரும்ப வேலைக்குப் போகத்தான் மாத்திரை சாப்பிடுகிறேன்.

காம்கேர் எண் 1800-222-0000. நேராக அங்கே கூப்பிடுங்கள். யாராவது சிங்பாஸைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழைத்துக் கேளுங்கள். மோசடிக்கு உதவும்படி சிங்பாஸ் விவரத்தைக் கொடுப்பவர் மீதும் வழக்கு வரும்படி 2023இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இதைப் போலீஸ் புகார் கொடுக்கப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டேன், கால் வெலவெலத்துவிட்டது.

ஓர் இணைப்பை ரத்து செய்துவிட்டார்கள். இன்னொன்றுக்கு வெள்ளிக்கிழமை புகார் நகலோடு மறுபடியும் போக வேண்டும். அவரை எனக்கு அறிமுகப்படுத்திய அக்காவும் பணம் கொடுத்திருக்கிறார், நேற்றுதான் சொன்னார். அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.