கல் மொசைக்கா, கண்ணாடி மொசைக்கா? மெருகு எப்போது ஏறுகிறது என்று பாருங்கள்

மொசைக் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது, சிமெண்டில் பளிங்குச் சில்லுகளைக் கலந்து கொட்டி, மிஷின் போட்டு இழைத்த வீட்டுத் தரை. அது டெராஸோ, வேறு வேலை. நான் சொல்லவருவது ஒவ்வொரு சில்லையும் கையால் உடைத்து, கையால் பதித்து உருவம் கொண்டுவரும் மொசைக்கைப் பற்றி. இதில் இறங்குகிறவர்கள் கல்லில் தொடங்கலாமா, கண்ணாடியில் தொடங்கலாமா என்று கேட்பார்கள். விலையையும் நிறத்தையும் வைத்துத்தான் பெரும்பாலும் பதில் வரும். அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. கல்லுக்கு மெருகு கடைசியில் ஏறும். கண்ணாடிக்கோ, சில்லை வைக்கிற அந்த நொடியிலேயே எல்லாம் முடிவாகிவிடும்.

இத்தாலியின் இரண்டு பழைய வேலைகளைப் பார்த்தாலே இது புரியும். அலெக்சாண்டரும் பாரசீக மன்னன் தாரியஸும் மோதும் மொசைக், பொம்பெயி என்ற பழைய ரோமானிய நகரில் ஒரு வீட்டுத் தரையில் கிடந்தது. 1831இல் தோண்டும்போது கண்டுபிடித்தார்கள், இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய நாலே நிறக் குடும்பங்களில் 15 லட்சத்துக்கு மேற்பட்ட சில்லுகள். நடக்கும் தரை என்பதால் மேற்பரப்பு வழவழப்பாக இழைந்திருக்க வேண்டும். ராவென்னாவில் 547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே தேவாலயத்துக்கு வாருங்கள். பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் அவர் மனைவி தியோடோராவும் நிற்கும் அந்தச் சுவரில் கண்ணாடிச் சில்லுகள் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று இந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்தது அந்தப் பக்கம். நாம் நகர நகர, தங்கம் ஒரு இடத்தில் அணைந்து இன்னொரு இடத்தில் எரிகிறது. இழைத்து மட்டமாக்கினால் அந்தச் சுவர் செத்துவிடும்.

உடைக்கிற வேலையில் இரண்டுக்கும் கருவி ஒன்றுதான். மரக்கட்டையில் கூர் மேல்நோக்கி நிற்கும்படி ஊன்றிய உளி, இரு பக்கமும் கூரான வளைந்த சுத்தியல். கல்லைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து உளியின் கூர்மேல் வைத்து, அந்தக் கூருக்கு நேர் மேலே ஒரு தட்டு. பளிங்கு ஓரளவு சொன்னபடி கேட்கும். ஆனால் உள்ளே ரேகை ஓடினால் அந்த வழியேதான் பிளக்கும். மொசைக்குக்கென்றே வார்க்கும் கண்ணாடிக்கு ஸ்மால்ட்டி என்று பெயர். உருகிய கண்ணாடியை அடை தட்டியதுபோல வட்டமாக ஊற்றி ஆறவைக்கிறார்கள். வெனிஸில் 1888இல் தொடங்கிய ஒர்சோனி உலை இன்றும் இதைச் செய்கிறது. இதில் ஊற்றிய மேல்பக்கம் முகம் அல்ல. உடைத்த பக்கம்தான் முகம். அந்த உடைந்த முகத்தில் குட்டிக் குட்டிக் குழிகளும் அலைகளும் இருக்கும். வெளிச்சம் விளையாடுவது அங்கேதான். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் இல்லாமல் இரண்டையும் தொடாதீர்கள். கல்தூசி நுரையீரலில் தங்கிவிடும்.

பதிப்பதற்கு இரண்டு வழி. நேராகச் சிமெண்டில் வைப்பது ஒன்று. பிரௌன் பேப்பரில் படத்தைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி வரைந்து, சில்லுகளை முகம் கீழே இருக்குமாறு மைதா பசையால் ஒட்டி, மொத்தமாகக் கவிழ்த்துப் பதித்து, பேப்பரை நனைத்து உரிப்பது மற்றொன்று. 1875இல் திறந்த பாரிஸ் ஓபெரா அரங்குக்கு மொசைக் செய்த ஃபாக்கினா, இந்தக் கவிழ்ப்பு முறையால் பேர் வாங்கியவர். மட்டமாக வரவேண்டிய கல் தரைக்கு அதுதான் சரி. ஸ்மால்ட்டிக்கு நேர்முறை என்பதே என் கட்சி. முகத்தைப் பார்க்காமல் அதன் சாய்வைத் தீர்மானிக்க முடியாது.

சில்லுகளின் இடுக்கை நிரப்பும் சிமெண்ட் கலவைதான் கிரௌட். அந்த விஷயத்தில்தான் நான் அடிபட்டேன். கல் மொசைக்கில் இடுக்குகளை நிரப்பியே ஆக வேண்டும். ஆனால் கல் நிறத்தை உறிஞ்சும், அதனால் கறை இறங்காமல் தடுக்கும் சீலர் முதலில் ஒரு பூச்சு. என் முதல் பலகையில் கிரௌட் காய்ந்து வெள்ளைப் படலம் நின்றது. டைல் கழுவும் ஆசிட் கொஞ்சம் ஊற்றினேன். பளிங்கு சுண்ணாம்புச் சத்துதானே, புஸ்ஸென்று நுரைத்துப் பளபளப்பு மொத்தமும் போய்விட்டது. பிறகு 120, 220, 400, 800 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து மூன்று நாளில் மீட்டேன். ஒரு நம்பரின் கீறல் முழுக்கப் போகாமல் அடுத்த நம்பருக்குத் தாவக்கூடாது. கல் அப்படி மன்னிக்கும். தேய்க்கும்போது ஈரத்தில் எழும் நிறம்தான் மெருகு ஏறிய பின் ஏறக்குறைய நிலைக்கும், ஆகவே கல் வாங்கும்போதே நனைத்துப் பாருங்கள்.

அதே வருடம் ஒரு ஸ்மால்ட்டி மயிலுக்கும் சாம்பல் கிரௌட் பூசினேன். அந்தக் குழிகளிலெல்லாம் சிமெண்ட் இறங்கி, நீலம் மங்கிச் சாம்பலாகிவிட்டது. ஊசியால் ஒரு சதுர அங்குலம் சுத்தம் செய்ய ஒரு மாலை போனது. தேய்த்து எடுக்கலாம் என்றால் குழிகளும் போய்விடும். அந்த மயிலை என்னால் மீட்க முடியவில்லை. ஸ்மால்ட்டிக்கு மேலிருந்து கிரௌட் பூச வேண்டாம். சில்லுகளை நெருக்கி வையுங்கள், அடியிலிருந்து பிதுங்கும் சிமெண்டே பாதி இடுக்கை நிரப்பும். கடையில் கிடைக்கும் வழவழப்பான 2 செ.மீ. கண்ணாடி டைலுக்கு இந்தத் தொல்லை இல்லை, கிரௌட் பூசித் துடைக்கலாம். ஒளி ஊடுருவும் ரகமானால் வெள்ளைப் பசை போடுங்கள். சாம்பல் பசை அடியிலிருந்து நிறத்தைக் கெடுக்கும்.

ஆக, முதல் பலகைக்கும், கால் படும் எந்த இடத்துக்கும் கல். மார்பிள் கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளே போதும். ஜன்னலோ விளக்கோ பக்கவாட்டில் வெளிச்சம் தரும் சுவர் இருந்தால் மட்டும் ஸ்மால்ட்டிக்குப் பணம் போடுங்கள். அப்போதும் உள்ளங்கை அகலத்துக்கு மேல் சிமெண்ட் பூசாதீர்கள். அது இறுகுவதற்குள் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். எரியாத சில்லைக் கம்பி முனையால் லேசாகச் சாய்த்துவிட அந்தச் சில நிமிடங்கள்தான் உண்டு.